வீட்டு பேக்கப்: ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்கா, இரண்டு வீட்டில் ஒவ்வொன்றா?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஏறி, "வீட்டுப் போட்டோ, வீடியோ எல்லாம் பத்திரமா இருக்கணும், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கணும்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க் உள்ளே பூட்டிய பெட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைப்பார்கள். "ரெய்டு சார், டபுள் சேஃப்டி." சொல்வது பொய்யில்லை. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பேக்கப் எடுத்து, டிஸ்கைப் பீரோவில் வைக்கிற வீட்டுக்கு அது சரியான பொருள் இல்லை. அதைவிடக் குறைந்த காசில் சாதாரண எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, இரண்டு வீடுகளில் வைப்பதுதான் நல்லது. இந்தக் கட்டுரை முழுக்க இதற்கான காரணங்களும் செய்முறையும்தான்.

ரெய்டு எதற்காக வந்தது

1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்த விலை உயர்ந்த ஒற்றை டிஸ்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைக் கூட்டாக வேலை வாங்கலாம் என்பது யோசனை. டிஸ்க் அதிகமானால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் அதிகமாகும். அதனால் ஒன்று போனாலும் மற்றவற்றை வைத்து வேலை தொடர்ந்து நடக்கிற ஏற்பாட்டையும் சேர்த்தே சொன்னார்கள். ரெய்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதில் எளிய வகை ரெய்டு 1. ஒரு டிஸ்கில் எழுதுவது அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது "வேலை தொடர்ந்து நடக்க" என்பதுதான். வங்கி சர்வரில் பகல் 11 மணிக்கு ஒரு டிஸ்க் செத்தாலும் கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது. அதற்குத்தான் ரெய்டு. காரில் இருக்கும் ஸ்டெப்னி டயர் மாதிரி: வழியில் பஞ்சரானால் பயணம் நிற்காது, கார் திருடு போனால் ஸ்டெப்னியும் சேர்ந்தே போகும்.

வீட்டில் தகவல் தொலைவது எப்படியெல்லாம் என்று யோசித்துப் பாருங்கள். தவறான போல்டரை டெலீட் செய்துவிடுவோம். ரேன்சம்வேர் வந்து எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்கும். டிஸ்க் மேஜையிலிருந்து விழும். திருட்டுப் போகும். வீட்டுக்குள் தண்ணீர் வரும். இதில் டெலீட் செய்தால் ரெய்டு பெட்டி இரண்டு டிஸ்கிலும் விசுவாசமாக டெலீட் செய்யும். ரேன்சம்வேர் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். விழுந்தால் இரண்டும் விழும். இரண்டில் ஒன்று மட்டும் தானாகச் செத்துப்போகிற அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் பெட்டி கைகொடுக்கும்.

போதாக்குறைக்கு, அந்தப் பெட்டிக்கு ஒரே அடாப்டர், ஒரே கேபிள், உள்ளே ஒரே சர்க்யூட் போர்டு. போர்டு போனால், சில பெட்டிகளில் டிஸ்கைக் கழற்றி வேறு எதிலும் நேரடியாகப் படிக்க முடியாது, ஏனென்றால் பெட்டி தன் பாணியில் எழுதி வைத்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில பெட்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே ரெய்டு 0 நிலையில் வருகின்றன. அதில் நகலே கிடையாது. கொள்ளளவும் வேகமும் கூடும், ஆனால் இரண்டில் எது கெட்டாலும் மொத்தமும் போச்சு. வாங்கியவர் செட்டிங்கைத் திறந்து மாற்றாவிட்டால், "டபுள் சேஃப்டி" உண்மையில் டபுள் ஆபத்து.

நாள் முழுக்க டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிற போட்டோ ஸ்டுடியோவுக்கோ, வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கோ ரெய்டு பொருத்தம்தான். அவர்களுக்கும் வெளியே தனியாக ஒரு பேக்கப் டிஸ்க் வேண்டும் என்பது வேறு விஷயம்.

இரண்டு டிஸ்க், இரண்டு வீடு

என் சித்தப்பா வீட்டையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு உள்ள ஒரு லேப்டாப். இரண்டு கல்யாண வீடியோக்கள், போனிலிருந்து இறக்கிய படங்கள், வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மருத்துவ ரிப்போர்ட் இவற்றின் ஸ்கேன் எல்லாம் சேர்த்து சுமார் 900 ஜிபி. "ஒண்ணு போதாதாப்பா, ரெண்டு எதுக்கு?" என்றுதான் அவரும் கேட்டார்.

ஏற்பாடு இதுதான். 2 டிபி டிஸ்க் இரண்டு. ஒன்றில் "அ" என்று ஸ்டிக்கர், இன்னொன்றில் "ஆ". "அ" சித்தப்பா வீட்டில், "ஆ" அத்தை வீட்டில். பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போவதற்கு முன்னால் "அ"-வில் புது பேக்கப் எடுத்து, கையோடு கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு "ஆ"-வை எடுத்துவர வேண்டும். சித்திரைப் பிறப்புக்கு "ஆ"-வில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்புறம் ஆடி, தீபாவளி. எப்படியும் போய் வருகிற நாட்கள் என்பதால் காலண்டரில் தனியாகக் குறித்து வைக்கத் தேவையில்லை.

இதில் இரண்டு லாபம். முதலாவது, ஒரே விபத்து இரண்டையும் தொட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கியபோது ஒரே பீரோவில் இருந்த அசலும் நகலும் சேர்ந்தே நனைந்தன. தொலைந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. போட்டோவுக்கு அப்படி முகாம் கிடையாது.

இரண்டாவது லாபம் பலருக்குத் தோன்றாதது. இரண்டு டிஸ்கும் வெவ்வேறு தேதியில் நிற்கின்றன. இந்த மாதம் ரேன்சம்வேர் புகுந்து, அது தெரியாமலே "ஆ"-வில் பேக்கப் எடுத்துவிட்டாலும், "அ" மூன்று மாதத்துக்கு முந்தைய நல்ல நிலையில் அத்தை வீட்டு அலமாரியில் இருக்கும். தவறி அழித்த படத்தை இரண்டு மாதம் கழித்து நினைத்துக்கொண்டாலும் தேடிப்போக ஒரு இடம் உண்டு. ரெய்டு பெட்டியால் இது முடியவே முடியாது, அதற்கு இந்த நொடி மட்டும்தான் தெரியும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் லேப்டாப்பில் செருகியே கிடக்கும் டிஸ்கை ரேன்சம்வேரும் பார்க்கும், மின்னலும் பார்க்கும்.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய 3-2-1 என்ற விதி ஒன்று உண்டு: 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வேறு இடத்தில். லேப்டாப்பில் உள்ளது, "அ", "ஆ" என்று மூன்று பிரதி ஆகிவிட்டது, ஒன்று வேறு வீட்டிலும் இருக்கிறது. இரண்டு வகை என்பதற்கு, ஆவண ஸ்கேன்களை மட்டும் பூட்டிய பிறகு கிளவுடிலும் ஏற்றிவிடலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஒரு குடும்பத்தின் காகிதங்கள் தாராளமாக அடங்கும்.

எந்த டிஸ்க்

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் இரண்டு உருவம் உண்டு. உள்ளங்கை அளவு 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். புத்தக அளவு 3.5 அங்குல டிஸ்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெரிய டிஸ்க் அப்படியே நின்றுவிடும், சின்னது லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். பையில் போட்டு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் சின்னதுதான் தோது. 4, 5 டிபிக்கு மேல் வேண்டுமென்றால் மட்டும் பெரியதைப் பார்க்கலாம்.

இந்தச் சின்ன டிஸ்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருப்பதால், நீண்ட நேரம் தொடர்ந்து எழுதினால் வேகம் சரியும். ரெய்டில் இது தொல்லை. எப்போதாவது எடுக்கும் பேக்கப்பில் தொல்லை இல்லை, இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். நொடிக்கு 100 எம்பி என்று கணக்குப் போட்டால் 900 ஜிபி எழுத இரண்டரை மணி நேரம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தால் இன்னும் கூடும். அப்புறம், 2 டிபி டிஸ்கை விண்டோஸ் 1.81 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதுகிற எஸ்எஸ்டி வாங்கலாமா? கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் ஒரு டிபிக்கு ஆகும் காசு ஹார்டு டிஸ்கைவிட நிறைய. இன்னொரு விஷயம், எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அது மெல்லக் கசியும். எழுதக்கூடிய ஆயுள் முழுவதும் எழுதித் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் 1 ஆண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு, சிப், மெமரித் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் தரம். புது எஸ்எஸ்டி இதைவிட அதிக நாள் தாங்கும். வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் குறையும். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்கில் தொடாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஹார்டு டிஸ்க்தான் என் தேர்வு.

இரண்டு டிஸ்கையும் வேறு வேறு கம்பெனியில் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வந்த இரண்டில் ஒரே குறை இருக்க வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் "16 டிபி எஸ்எஸ்டி" சில ஆயிரத்துக்கு வருகிறதே, அதன் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், கம்ப்யூட்டரிடம் மட்டும் 16 டிபி என்று பொய் சொல்லும். நிரம்பியதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். சந்தேகம் இருந்தால் காலி டிஸ்கிலேயே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 ஓட்டிப் பாருங்கள். இரண்டும் இலவசம். டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, சரியா என்று சொல்லிவிடும்.

பூட்டு

டிஸ்கைக் குறியாக்கம் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது திருடனுக்காக மட்டும் இல்லை. அத்தை வீட்டில் நம்பிக்கை இல்லை என்றும் அர்த்தமில்லை. அங்கே இருக்கும் பையன் பள்ளி ப்ராஜெக்ட்டுக்காக டிஸ்கைச் செருகிப் பார்ப்பான், அவ்வளவுதான். இன்னொரு காரணம் வாரண்டி. டிஸ்க் இரண்டாம் வருஷம் செத்தால் கம்பெனி வேறு டிஸ்க் தரும், ஆனால் பழையதைக் கொடுத்துவிட வேண்டும். செத்த டிஸ்கை நம்மால் அழிக்கவும் முடியாது. உள்ளே வீட்டுப் பத்திரமும் பான் கார்டும் திறந்து கிடந்தால் கொடுக்க மனம் வராது. முதல் நாளே பூட்டியிருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.

டிஸ்க் கம்பெனியே தரும் பாஸ்வேர்டு வசதியை நான் பரிந்துரைப்பதில்லை. 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்லோ மேயர், பெர்னார்ட் வான் காஸ்டல் இருவரும் க்ரூஷியல், சாம்சங் கம்பெனிகளின் சில எஸ்எஸ்டிகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பலவற்றின் உள் குறியாக்கத்தைப் பாஸ்வேர்டு தெரியாமலே தாண்ட முடிந்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரை மாற்றி, டிஸ்க் சொல்வதை நம்பாமல் தானே குறியாக்கம் செய்வதை வழக்கமாக்கியது. இன்னொரு சிக்கலும் உண்டு. சில கையடக்க டிஸ்குகளில் குறியாக்கம் யுஎஸ்பி போர்டிலேயே நடக்கிறது. அந்த போர்டு கெட்டால், உள்ளே தட்டு நன்றாக இருந்தாலும் படிக்க வழியில்லாமல் போகலாம். எண் பட்டன் வைத்த டிஸ்குகள் அலுவலகத்துக்கு நல்லவை. வீட்டில் யாராவது குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டே போனால், குறிப்பிட்ட தடவைக்கு மேல் அது எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும்.

ஆகவே கம்ப்யூட்டர் மென்பொருளால் பூட்டுவதே மேல். எந்த டிஸ்க் வாங்கினாலும் பூட்டு ஒன்றுதான். மேக் மட்டும் உள்ள வீடு என்றால் டிஸ்க் யுடிலிடியில் குறியாக்கத்தோடு ஃபார்மட் செய்தால் போதும். லினக்ஸில் லக்ஸ். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் டிஸ்கின் மேல் ரைட் கிளிக் செய்தால் பிட்லாக்கர் இருக்கும். ஹோம் பதிப்பில், பிட்லாக்கரால் ஏற்கெனவே பூட்டிய டிஸ்கைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. சித்தப்பாவுக்கு அதனால் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

வெராகிரிப்ட்டில் இரண்டு வழி. முழு டிஸ்கையே பூட்டலாம், அல்லது டிஸ்குக்குள் ஒரே ஒரு பெரிய கோப்பை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முழு டிஸ்கைப் பூட்டினால், அதை எந்த விண்டோஸில் செருகினாலும் "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று கேட்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். விவரம் தெரியாத யாராவது சரி என்று அமுக்கினால் கதை முடிந்தது. கோப்பு முறையில் டிஸ்க் சாதாரணமாகத் திறக்கும். உள்ளே பெரிய கோப்பு ஒன்று, பக்கத்தில் வெராகிரிப்ட் நிறுவும் கோப்பு, "இது வீட்டு பேக்கப், திறக்க வெராகிரிப்ட் வேண்டும், அழிக்காதீர்கள்" என்று ஒரு சின்னக் குறிப்பு. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும்.

செய்முறை இப்படி. புது டிஸ்கை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வெராகிரிப்ட்டில் கிரியேட் வால்யூம் அமுக்கி, கோப்பு வகையைத் தேர்ந்து, டிஸ்கில் இடம் காட்டி, 1700 ஜிபி என்று அளவு கொடுங்கள். பாஸ்வேர்டு போட்ட பிறகு மவுஸை இஷ்டத்துக்கு ஆட்டச் சொல்லும். சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களை உங்கள் கை அசைவிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கீழே ஒரு பட்டை பச்சையாகும் வரை ஆட்டுங்கள். அப்புறம் முழுக் கோப்பையும் எழுதி முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும், அது முதல் தடவை மட்டும்தான். பிறகு ஒவ்வொரு முறையும் கோப்பைக் காட்டி மவுண்ட் அமுக்கிப் பாஸ்வேர்டு கொடுத்தால், புது டிரைவ் ஒன்று தோன்றும். அதில் சாதாரணமாகக் காப்பி செய்யலாம். முடிந்ததும் வெராகிரிப்ட்டில் அதை மூடி, அதற்குப் பிறகு விண்டோஸில் டிஸ்கைப் பாதுகாப்பாக நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

இதில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற பட்டன் கிடையாது. மறந்தால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. ஐந்தாறு சம்பந்தமில்லாத தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். தமிழ் எழுத்திலேயே போட வேண்டாம், வேறு கம்ப்யூட்டரில் தமிழ்க் கீபோர்டு இல்லாமல் தவிப்பீர்கள். அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திர ஃபைலில் வையுங்கள், டிஸ்கோடு ஒட்டி வைக்காதீர்கள். சித்தி, பிள்ளைகள் என்று வீட்டில் இன்னொருவருக்காவது அந்தக் காகிதம் இருக்கும் இடம் தெரிய வேண்டும். சித்தப்பாவுக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டு, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாளில் யாருக்கும் உதவாது. பிட்லாக்கர் என்றால் அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணையும் இதே போல அச்செடுத்து வையுங்கள்.

திறந்து பார்ப்பது

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பை எடுக்கப் போனபோதுதான், வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. முழுநேரம் இதே வேலையாக இருப்பவர்களுக்கே அந்த நிலை.

வீட்டில் இதற்குப் பத்து நிமிஷம் போதும். அத்தை வீட்டில் டிஸ்கை மாற்றும்போது அங்குள்ள கம்ப்யூட்டரில் அதைச் செருகித் திறந்து பாருங்கள். பழைய வருஷப் படம் சில, போன வாரப் படம் சில, பெரிய வீடியோ ஒன்று. வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள், பாதியில் நின்ற காப்பி அங்கேதான் மாட்டும். வேறு கம்ப்யூட்டரில் திறப்பதால் காகிதத்தில் எழுதிய பாஸ்வேர்டும் சரிதானா என்று தெரிந்துவிடும். விண்டோஸில் க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் உடல்நிலையையும் பார்க்கலாம். நீல நிறம் மஞ்சளானால் அடுத்த டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

காப்பி செய்ய ஃப்ரீஃபைல்சிங்க் மாதிரி மென்பொருள் வைத்துக்கொண்டால் மாறியவை மட்டும் போகும், வேலை சீக்கிரம் முடியும். அதில் "மிரர்" என்ற முறை லேப்டாப்பில் இல்லாததை டிஸ்கிலும் அழித்துவிடும். "அப்டேட்" முறையே வீட்டுக்கு நல்லது.

ஐந்து வருஷம் ஆனதும், டிஸ்க் நன்றாக ஓடினாலும் ஒன்றை மாற்றுங்கள், அடுத்த வருஷம் மற்றொன்றை. பழையதில் உள்ள வெராகிரிப்ட் கோப்பை அழித்து, ஃபார்மட் செய்து, படம் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். யாராவது தோண்டி எடுத்தாலும் கிடைப்பது அந்த எழுத்துக் குவியல்தான்.